வேலைக்குப் போன பை

பந்தி முடிந்து கை கழுவியதும் கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். சிலர் பீடா மேசைக்கு, சிலர் செருப்பைத் தேடி, சிலர் பெண்ணின் கழுத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வர. நங்கை மட்டும் நேராக வாசலுக்குப் போவார். அங்கே தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்ட மஞ்சப் பையை வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நங்கை அதை இரண்டு கையாலும் வாங்குவார். வாங்கிய இடத்திலேயே தேங்காயை எடுத்து, பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் அவர் கையில் திணித்துவிடுவார். வெற்றிலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். பிறகு பையைத் தூக்கிப் பிடித்து அதில் அச்சடித்திருப்பதை வாய்விட்டு, ஒரு எழுத்து விடாமல் படிப்பார். மணமகன், மணமகள், மண்டபம், நல்வரவை விரும்பும் பெற்றோர் என்று எல்லாம் படித்து முடித்துவிட்டு, துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்.

"கஞ்சியப் போட்டு ஏமாத்தியிருக்கறாங்க. ஒரு தண்ணிக்குத் தாங்காது. செரி, பேரு இருக்குதல்லோ, அது போதும்" என்பார். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் கிளம்புவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகுவது அவர் காதில் விழாது. கூட நிற்கும் எனக்குத்தான் விழும்.

நங்கை என்றால் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் அந்த முறையில் வருகிறவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு அன்றைக்கு உரிமை இல்லை. இப்போது எழுத மனம் இல்லை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, மில்லுக்கு வேலைக்குப் போய் இரண்டு தம்பிகளையும் ஆளாக்கியவர். நடுவில் அவருக்கும் கல்யாணம் நடந்திருக்கிறது. மாப்பிள்ளை அதே மில்லில் வேலை பார்த்தவர். சில வருடங்களிலேயே காய்ச்சலில் படுத்துப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு நங்கைக்குத் தம்பிகள், தம்பிகளுக்கு நங்கை. இந்த இரண்டு வரிக்கு நடுவில் நான் இடம் பிடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் ஒண்டிப்புதூர் வீட்டுக்கு வந்தபோது நங்கையின் அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. புடவையோ நகையோ இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் மேலிருந்து கீழ்வரை மஞ்சப் பைகள். எல்லாம் கல்யாணப் பைகள். சத்தியமங்கலத்துப் பைகள் ஒரு தட்டு, பொள்ளாச்சிப் பக்கத்துப் பைகள் ஒரு தட்டு, உள்ளூர் ஒரு தட்டு. பூச்சி வராமலிருக்க வேப்பிலைச் சருகும் வசம்பும் போட்டு, ஒவ்வொன்றும் ஒரே அளவாக நான்கு மடிப்பு. கடைசித் தட்டில் வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்று தனியாக இருந்தது.

"அது அக்காவோட கல்யாணப் பை. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். மாமா பேரு எழுத்துல இருக்கறது இப்ப அது ஒண்ணுலதான். நாங்களே அதையப் பிரிச்சுப் பாத்ததில்லை. நீயும் அதைத் தொட்டுராத" என்று என் கணவர் என்னிடம் முதல் வாரமே சொல்லிவிட்டார். மனிதர் சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. இதைச் சொன்னார்.

மற்ற வீடுகளில் அந்தப் பை என்ன பாடுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு நாள் பால் வாங்கப் போகும், அப்புறம் ரேஷன் கடைக்குப் போகும், கடைசியில் ஸ்கூட்டர் துடைக்கும். நங்கையிடம் வந்த பைக்கு மட்டும் அந்த விதி கிடையாது. அது பீரோவுக்குள் போய்விட்டால் வருடத்துக்கு ஒரு நாள்தான் வெளியே வரும்.

அந்த ஒரு நாள் சித்திரை வெயிலில் வரும். மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, அத்தனை பையையும் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். என் துணிகளுக்கு அன்றைக்குக் கயிறு கிடையாது. தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் மாடி மட்டும் மஞ்சளாக இருக்கும். காலையிலிருந்தே சொந்தபந்தம், எங்கள் பேச்சில் ஒறம்பரை, வர ஆரம்பித்துவிடும். யாரையும் நங்கை அழைப்பதில்லை, ஆனாலும் வருவார்கள். வந்து அவரவர் பையைத் தேடுவார்கள். கிடைத்ததும் முகத்தில் ஒரு களை வரும். பேரன் பேத்திகளைக் கூப்பிட்டு, "இதா பாரு, தாத்தன் பேரு" என்று காட்டுவார்கள். செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். நங்கை ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கயிறுகளுக்கு நடுவில் நடப்பார். ஒவ்வொரு பைக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும்.

"இந்தக் கல்யாணத்துல ரசத்துக்கு உப்பே இல்லை. பந்தியில ஒருத்தரும் சொல்லுலயே, அத்தன மரியாதை" என்பார். "இந்த மாப்பளை தாலி கட்டறப்ப அழுதுபோட்டான். இன்னைக்கு வரைக்கும் அவன் பொண்டாட்டிதான் அவன் கண்ணத் தொடச்சுட்டிருக்கறா" என்பார்.

சில பைகள் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித் தொங்கும். பிரிந்துவிட்ட ஜோடிகள். விசேஷ வீட்டில் அவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நங்கை எழுத்தை மறைப்பார், ஆனால் பையைத் தூக்கிப் போட மாட்டார்.

"எதுக்குங்க நங்கை இதையெல்லாம் வெச்சிருக்கறீங்க?" என்று ஒரு முறை கேட்டேன்.

"பிரிஞ்சுட்டா என்ன கண்ணு? நாம போயிச் சோறு தின்னுட்டு வந்தது நெசந்தானே" என்றார்.

ஒருமுறை கிணத்துக்கடவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். வீடு இடிந்து விழுந்ததில் அவர் தாய் தகப்பனின் கல்யாணப் படம் உட்பட எல்லாம் போய்விட்டதாம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். நங்கை பீரோவைத் திறந்து, தேடக்கூட இல்லை, கையை உள்ளே விட்டு உருவி எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊர் பேர் தெரியாதவனின் தாய் தகப்பனுக்கு இந்தப் பீரோவில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லையே என்றுதான் பொருமிக்கொண்டு நின்றேன்.

ஆமாம், என் பை அந்தப் பீரோவில் இல்லை.

அப்பா சத்தியமங்கலத்தில் தையல்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஷின் போடுகிற அளவுக்குக் கடை. என் கல்யாணத்துக்குப் பையை வெளியே வாங்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. கடைகளில் விற்கிற பை கொசுவலை மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கெட்டித் துணியாகப் பார்த்து வாங்கி வந்து, அத்தனை பையையும் தானே வெட்டித் தானே தைத்தார். ஓரமெல்லாம் இரட்டைத் தையல். கைப்பிடி சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி ஒரு கட்டம் போடுவார்.

"எதுக்குப்பா இத்தனை? தேங்கா கொண்டுட்டுப் போறதுக்குத்தானே?" என்று கேட்டேன்.

"தேங்காயோட போற வழியில அறுந்துச்சுன்னா யாரு பேரக் கண்ணு சொல்லுவாங்க? தையக்காரன் ஊட்டுக் கல்யாணத்துல பை அறுந்துதுன்னுதானே சொல்லுவாங்க" என்றார். அச்சுக்குக் கொடுத்தபோது தன் பெயரை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் போடச் சொன்னார். கூச்சம்.

கல்யாணத்தன்று நங்கை அந்தப் பையை வாங்கிப் படித்ததை நான் மணவறையிலிருந்தே பார்த்தேன். துணியைத் தேய்த்துப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். ஏதோ நல்லதாகத்தான் நினைக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுவீடு முடிந்து வந்த இரண்டாம் நாள் காலை நான் சமையலறைக்குள் போகிறேன். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் என் கல்யாணப் பை தொங்குகிறது. உள்ளே முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் இருக்கின்றன. என் பெயருக்கு மேலே கருவேப்பிலை நீட்டிக்கொண்டிருக்கிறது. சந்தைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். மற்றவர்களின் பையெல்லாம் வேப்பிலை போட்டுப் பீரோவில் இருக்க, தம்பி பெண்டாட்டியின் பை மட்டும் காய் சுமந்துவிட்டு வந்திருக்கிறது.

புதுப் பெண் என்ன கேட்பது? ஆனால் அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன், அந்தப் பையை இனிக் கையால் தொடுவதில்லை என்று. ஊருக்குப் போனபோது அம்மாவிடமிருந்து ஒரு வயர் கூடை வாங்கி வந்தேன். கடைசிவரை நான் காய் வாங்கியது அதில்தான். ஒரே வீட்டிலிருந்து ஒரே சந்தைக்கு நங்கை பையோடு ஒரு நாள் போவார், நான் கூடையோடு ஒரு நாள் போவேன்.

அடுத்த வருடம் மாடியில் பைகள் காயும்போது ஒறம்பரையில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார், "உங்க பையி எங்கீங்க அம்மணி? தேடித் தேடிப் பாத்தேன், காணோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் நங்கை சொன்னார், "அது வேலைக்குப் போயிருக்குது."

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னால், "ஒரு பைக்கா இத்தனை?" என்றார். பைக்குத்தான். அந்தப் பீரோ திறந்தால் ஊரே இருக்கிறது. அதில் ஒரு தட்டிலும் இடம் இல்லாதவள் நான் மட்டும்தானே.

இதில் என் கொழுந்தனாருக்கு ஆனைமலையில் பெண் எடுத்தார்கள். தென்னந்தோப்புக்காரர்கள். அவர்கள் பை சாதாரண மஞ்சப் பையா? பட்டு மாதிரி மினுங்கும் துணி, தங்க நிறத்தில் எழுத்து, மேலே ஒரு ஜிப் வேறு. நங்கை அதை வாங்கித் தேய்த்துப் பார்த்தார். மறுநாள் அது பீரோவின் மேல் தட்டில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஜிப் துருப்பிடித்து மற்ற பையில் கறை படாமலிருக்க அதற்கு மட்டும் தனியாக ஒரு காகிதம் சுற்றியிருந்தது.

சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார். அந்தப் பெண்ணின் அம்மா, "என்ற புள்ளையோட பையி எப்படி இருக்குது பாருங்க, நேத்து வாங்குனாப்பல" என்று பூரித்துப் போவார். நான் தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு நிற்பேன். கதவுக்குப் பின்னால் என் பை புளிச்சகீரையோடு தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு வயிறு எரியும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பெண் நல்ல பெண், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருகிறவள், அவள் மேல் எனக்கு வேறு எந்தக் கோபமும் கிடையாது. அந்தப் பையைப் பார்த்தால் மட்டும் அவளைப் பிடிக்காமல் போய்விடும்.

ஒரு அமாவாசைக்கு அவள் மாசாணியம்மன் கோவிலுக்குக் கிளம்பினாள். எலுமிச்சம்பழமும் பூவும் வைக்க அவளுடைய பையையே கேட்டாள்.

"ஒரு நாளைக்குத் தாங்க நங்கை. என்ற பையிலயே கொண்டுட்டுப் போயிட்டு வாரேன்."

"அதெப்படி கண்ணு? அம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசற கோயலு. கறை பட்டுப்போயிரும். வேற தாரேன், கொண்டுட்டுப் போ" என்றார் நங்கை.

அவள் முகம் சின்னதாகிவிட்டது. நான் அதைப் பார்த்தேன். ஆனாலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பார், கறை படக்கூடாதாம், எப்படித் தாங்குகிறார்கள் பார் என்றுதான்.

அப்பா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிறவர் இல்லை. பெண் கொடுத்த வீட்டில் உட்காரவே கூச்சப்படுவார். ஒரு முறை ஏதோ துணி எடுக்க கோயம்புத்தூர் வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அவர் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குச் சரியாக நங்கை சந்தையிலிருந்து வருகிறார், கையில் அந்தப் பை. தடியங்காய்க் கீற்றும் சேனைக்கிழங்கும் வைத்துப் பை வயிறு தள்ளி இருக்கிறது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்பா நிமிர்ந்து நங்கையிடமிருந்து அந்தப் பையை வாங்கினார். கீழே வைக்கவில்லை. கையில் தூக்கிப் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். எழுத்து பாதி வெளுத்திருந்தது.

"எத்தனை வருசமாச்சுங்க, ஒரு நூலு விட்டுக் குடுக்குலைங்க" என்றார் நங்கை.

அப்பா சிரித்தார். பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சம்பந்தி வீட்டில் அவமானத்தை விழுங்க ஒரு மனிதன் எத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது என்று நான் உள்ளே போய் அழுதேன். அன்றைக்கு அப்பா கேட்டு வாங்கி இரண்டாவது காப்பி குடித்தார். பஸ் ஏற்றிவிட என் கணவர் போனபோது, வழியெல்லாம் அந்தப் பையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாராம். அதையும் நான் நம்பவில்லை.

அப்பா இறந்த செய்தி வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு மாற்றுப் புடவை எடுத்து வைத்தது நங்கைதான். சத்தியமங்கலம் போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள்தான் கவனித்தேன், என் புடவை வந்திருந்தது அந்தப் பையில். அப்பாவின் மெஷின் மேல் அதை வைத்திருந்தார்கள். நல்வரவை விரும்பும் என்று இருந்த இடத்துக்குக் கீழே அப்பாவின் பெயர். சின்ன எழுத்து என்பதால் அதுதான் முதலில் அழிந்துகொண்டிருந்தது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிந்தன.

காரியம் முடிந்து ஒண்டிப்புதூர் வந்ததும் நங்கை முன்னால் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அந்தப் பையி எனக்கு வேணுங்க நங்கை. எங்கப்பா பேரு அழியறதுக்குள்ள நான் எடுத்து வெச்சுக்கறேன்."

நங்கை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அதையக் குடுத்துப்போட்டு நான் எதுல காய் வாங்கறதாம்?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "பீரோ பூராப் பையி வெச்சுட்டு இப்படிக் கேக்கறீங்களே!" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்.

நங்கை கோபப்படவில்லை. "அதெல்லாம் பையா கண்ணு? அதெல்லாம் பேரு. பையின்னா இது ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார்.

ஊரில் எல்லோரும் பெயர், நானும் என் அப்பாவும் காய்கறிப் பை என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பையைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. நங்கைக்குச் செய்ய வேண்டியதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை எல்லாம் கொடுத்தேன். சிரித்துப் பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டேன். அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

வரவரக் கல்யாணங்களும் மாறிப்போயின. பத்திரிகை வாட்ஸப்பில் வருகிறது. பை என்று ஒரு காகிதம் மாதிரிச் சாமானைக் கொடுக்கிறார்கள். நங்கை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பையில்ல, மழைக்கோட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். முழங்கால் வலி வந்த பிறகு மண்டபத்துக்குப் போவதும் நின்றது. ஆனால் தெரு முனைக் கடைக்கு மட்டும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்வருவார். சாயங்காலம் கொல்லைப்புறப் படியில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து ஊசியும் மஞ்சள் நூலுமாக எதையோ தைத்துக்கொண்டிருப்பார். மடியில் அந்தப் பைதான் இருக்கும். இந்தக் கந்தலைத் தூக்கிப் போட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டே நான் துணி எடுக்கப் போவேன். கிட்டப் போய் ஒரு நாளும் பார்த்ததில்லை.

போன வருடம் நங்கை போய்விட்டார். தூக்கத்திலேயே போனார், யாருக்கும் பாரமில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பிகள் இரண்டு பேரும் பீரோவைத் திறந்தார்கள். யார் யார் பையோ அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. வந்த ஒறம்பரை எல்லாம் வரிசையாக நின்று வாங்கிக்கொண்டார்கள். திருப்பி மடித்திருந்த பைகளைக்கூட, சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டில் ஏதோ ஒரு வீடு பேசாமல் வாங்கிக்கொண்டு போனது. என் ஓரகத்தி, அதுதான் ஆனைமலைப் பெண், அவளுடையதை வாங்கிக் காகிதத்தைப் பிரித்தாள். அன்றைக்கு எப்படி வந்ததோ அப்படியே மினுங்கியது. அவள் அப்பா பெயர் தங்க எழுத்தில் பளிச்சென்று இருந்தது. அவள் ஜிப்பை இழுத்தாள். வரவில்லை. ஒரு நாளும் திறக்காமல் அது அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. சமையலறைக்கு வந்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் பை தொங்கியது. கடைசியாக வாங்கின சின்ன வெங்காயம் அடியில் முளைவிட்டுக் கிடந்தது. கல்யாணமானதிலிருந்து தொட மாட்டேன் என்றிருந்த பையை அன்றைக்குக் கையில் எடுத்தேன். எழுத்து ஒன்றுகூட இல்லை. என் பெயர் இல்லை, என் கணவர் பெயர் இல்லை, அப்பா பெயரும் சுத்தமாகப் போய்விட்டது. மஞ்சள்கூட வெளுத்துத் தென்னம்பாளை நிறத்துக்கு வந்திருந்தது. அப்பாவின் இரட்டைத் தையல் மட்டும் ஓரமெல்லாம் அப்படியே நின்றது. கைப்பிடியில் அவர் போட்ட கட்டம் நின்றது. துணிதான் தேய்ந்திருந்தது.

வெங்காயத்தைக் கொட்டிவிட்டுத் துவைக்கலாம் என்று உள்பக்கம் வெளியே வரத் திருப்பினேன்.

உள்ளே முழுக்க ஒட்டு. தேய்ந்த இடத்திலெல்லாம் உள்பக்கமாகத் துண்டு வைத்துத் தைத்திருந்தார். கைத்தையல், கோணல்மாணலாக இருந்தது. ஒட்டுப் போட்ட துணி அப்பா வாங்கிய துணி இல்லை. மெல்லிசு, ரொம்பப் பழசு, ஆனால் வெயிலே படாத அடர்ந்த மஞ்சள். அதில் எழுத்துகள் இருந்தன. ஒரு துண்டில் ஒரு மண்டபத்தின் பாதிப் பெயர். இன்னொன்றில் குத்துவிளக்குப் படம். அடியில் வைத்த பெரிய துண்டில் ஒரு பெண் பெயரும் ஒரு ஆண் பெயரும் முழுசாக இருந்தன. பெண் பெயர் நங்கையுடையது.

நான் நேராக அவர் அறைக்குப் போய் கடைசித் தட்டிலிருந்த வெள்ளை வேட்டிப் பொட்டலத்தை எடுத்தேன். தொட்டுராத என்று சொன்ன என் கணவர் பக்கத்தில்தான் நின்றார், தடுக்கவில்லை. பிரித்தேன். உள்ளே பை இல்லை. இரண்டு கைப்பிடியும், அதோடு ஒட்டிய ஒரு விரல் அகலப் பட்டியும் மட்டும் இருந்தன. மீதியெல்லாம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி என் பைக்குப் போட்டிருக்கிறார். இரும்பு பீரோ நிறையப் பழைய பைகள் இருந்தன. அதில் ஒன்றைக்கூட வெட்டவில்லை.

என் கணவர் அந்தக் கைப்பிடிகளைக் கையில் வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "மாமா பேரு..." என்று ஆரம்பித்தார். நான் பையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அப்பா அன்றைக்கு ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தைத்ததை ஒருத்தி நம்பிச் சுமை ஏற்றியிருக்கிறாள், அது தாங்கியிருக்கிறது. ஒரு தையல்காரனுக்கு வேறு என்ன வேண்டும்? நான்தான் உள்ளே போய் அழுதிருக்கிறேன்.

ஓரகத்தி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். என் பையையே பார்த்தாள்.

"என்றதைய ஒரு நாளுங்கூட வெளிய கொண்டுட்டுப் போகுலயே அக்கா அவங்க" என்றாள். "உங்களோடது சந்தைக்குப் போச்சு, சாவு ஊட்டுக்குப் போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போச்சு. நான் ஒவ்வொரு தடவ வாரப்பவும் கதவுக்குப் பின்னால பாப்பேனுங்க. எனக்கு எத்தனை பொறாமையா இருக்குந் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவள் கையிலிருந்த பையைப் பார்த்தேன். அவள் அப்பா பெயரில் ஒரு புள்ளிகூட அழியவில்லை. என் அப்பா பெயரை இனி எங்கே போய்ப் படிப்பேன்? எல்லாம் புரிந்த பிறகும் எனக்கு அந்தத் தங்க எழுத்தைப் பார்க்க வயிறு எரியத்தான் செய்தது. இரண்டு பேரும் அடுத்தவள் பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒரே ஒரு நாளைக்கு அதைய என்றகிட்டத் தாங்க அக்கா. இப்படிக் கடைக்குப் போயி ரெண்டு காய் வாங்கிப்போட்டுத் திருப்பிக் கொண்டாந்து குடுத்தர்றேன்."

நான் பையை நேர்ப்பக்கமாகத் திருப்பினேன். கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன்.

"அதையக் குடுத்துப்போட்டு நான் எதுல காய் வாங்கறதாம்?" என்றேன்.